பெட்டி போட்டவன் முதலில் குதிக்க வேண்டும்

ஜூன் 1, ஞாயிறு

என் பெயர் வரதராஜுலு. இதை நானே எழுதினேன்.

ஜூன் 2, திங்கள்

நேற்று அந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்து மூன்று முறை படித்துப் பார்த்தேன். மூன்று முறையும் என் பெயரே வந்தது. வேறு யாருடைய பெயரும் வரவில்லை. எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மாநகராட்சிப் பள்ளியில் நசீமா டீச்சரின் சாயங்கால வகுப்புக்கு எட்டு மாதமாகப் போகிறேன். இந்த டைரி அவர் கொடுத்தது. போன வருஷத்து டைரி, தேதியை அடித்துவிட்டு எழுதச் சொன்னார். "தினமும் ஒரு வரியாவது எழுதுங்கய்யா. ஒருநாள் விட்டா கை மறந்துடும்" என்றார். விட மாட்டேன்.

இப்போது இருப்பது பெரிய ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடி, பெண்கள் எலும்பு வார்டில். என் மனைவி ரங்கநாயகி போன செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டாள். இடது தொடையில், இடுப்போடு சேரும் இடத்தில் எலும்பு முறிந்திருக்கிறது. மேல் பலகையிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுக்க பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் வழுக்கிவிட்டது.

பகலில் நான் கூட இருக்கிறேன். ஆறு மணிக்கு மேல் ஆண்கள் யாரும் இந்த வார்டில் இருக்கக் கூடாது. இரவுக்கு மகள் கோமதி வருகிறாள்.

ஜூன் 3, செவ்வாய்

டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம்: அவரவர் தொழிலில் புழங்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று பத்துப் பேரிடம் கேட்டு எழுத வேண்டும். நான் எடுத்த சொல் ஜம்ப்.

ஆங்கிலத்தில் அது எப்படி இருக்கும் என்று டீச்சர் பலகையில் எழுதிக் காட்டியிருந்தார். நாலே எழுத்து. முதல் எழுத்து தூண்டில் முள். அடுத்தது டம்ளர். மூன்றாவது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு கூடாரம். கடைசி எழுத்து, குச்சியில் கட்டிய கொடி. இதைப் பார்த்தால் யாருக்காவது குதிக்கத் தோன்றுமா? ஆனால் அதுதான் ஜம்ப்.

நானும் ரங்காவும் சினிமாவில் ஸ்டண்ட் கோஷ்டியில் இருந்தோம். கதாநாயகிகளுக்கு அவள் டூப். அந்தக் காலத்தில் ஆம்பிளைக்குப் புடவை கட்டி, சவுரி வைத்துக் குதிக்க விடுவார்கள். ரங்கா வந்த பிறகு எங்கள் கோஷ்டியில் அந்தக் கூத்து நின்றது. மாடியிலிருந்து, மரத்திலிருந்து, ஓடுகிற மாட்டு வண்டியிலிருந்து என்று குதித்துக்கொண்டே இருந்தாள். கீழே அட்டைப்பெட்டி அடுக்குவது நான்.

பக்கத்துக் கட்டிலில் சுகிர்தம் டீச்சர் இருக்கிறார். ரிட்டையர் ஆனவர், முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. இதையெல்லாம் கேட்டுவிட்டு, "காலிப் பெட்டிதானே? அதுல விழுந்தா எப்படித் தாங்கும்?" என்று கேட்டார்.

"காலியா இருந்தாத்தான் டீச்சர் தாங்கும். ஒண்ணொண்ணா நசுங்கி ஆளை மெல்ல கீழ எறக்கும்."

"சரியா அடுக்கியிருக்குன்னு குதிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரங்கா படுத்தபடியே பதில் சொன்னாள். "பெட்டி போட்டவன் மொதல்ல குதிக்கணும். எங்க மாஸ்டரு சட்டம் அது. அவன் குதிச்சு எந்திரிச்சு வந்து, பார்த்துட்டேன்னு சொன்னாத்தான் நாங்க மேல ஏறுவோம்."

"அப்போ உங்களுக்கு முன்னாடி இவர் குதிச்சிருக்காரு."

"ஒவ்வொரு தடவையும்" என்றாள் ரங்கா. அவள் குரலில் பெருமை இருந்தது.

நான் டீ வாங்கப் போனேன்.

ஜூன் 4, புதன்

ஆபரேஷன் நாளைக்கு. ரங்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது. வெட்கமாக இருந்தது.

ஐந்து பேரிடம் கேட்டாகிவிட்டது. வார்டு எலெக்ட்ரீஷியன் சொன்னார்: "ஜம்பர்னா ஒயருங்க பெரியவரே. நடுவுல லைன் செத்துப்போச்சுன்னா, அதை விட்டுட்டு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் ஒரு துண்டு ஒயரைப் போட்டுடுவோம்." ஆம்புலன்ஸ் டிரைவர், பேட்டரி இறங்கின வண்டிக்கு இன்னொரு வண்டியிலிருந்து உயிர் கொடுப்பதுதான் ஜம்ப் என்றார். ஆட்டோக்காரர் சிக்னலில் நிற்காமல் போவதைச் சொன்னார். ரத்தம் கொடுக்கும் இடத்தில் நான் வரிசையைக் கவனிக்காமல் முன்னால் போய் நின்றுவிட்டேன். ஓர் அம்மாள், "யோவ் பெரிசு, கியூவை ஜம்ப் பண்ணாத" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, சரியான இடத்தில் போய் நின்று, அதையும் எழுதிக்கொண்டேன்.

ஆண்கள் வார்டில் கையில் விலங்கோடு ஒரு கைதி படுத்திருக்கிறான். காவலுக்கு வந்த போலீஸ்காரர் சொன்னதுதான் இதுவரை நல்ல பதில். "ஜாமீன்ல போனான், ஜம்ப் ஆயிட்டான். ஓடறப்ப சுவரேறிக் குதிச்சு நெஜமாவே காலை ஒடிச்சுக்கினான்." கைதி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஜூன் 5, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்துப் பார்த்து, "சாப்ட்டியாய்யா?" என்று கேட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

பீட்டர் சார் வந்தார். நடக்கப் பழக்குகிறவர். ஐம்பது வயது இருக்கும், மீசை நரைத்திருக்கிறது. நாலு காலும் இரண்டு கைப்பிடியும் உள்ள வாக்கரைக் கட்டிலருகே வைத்தார். "அம்மா, இன்னிக்கு எழுந்து நின்னாப் போதும். நடக்க வேணாம்."

ரங்கா அவரைப் பார்த்தாள், வாக்கரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

"பின்ன என்ன?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

முப்பதடி உயரத்திலிருந்து சிரித்துக்கொண்டே குதித்தவள். கட்டிலுக்கும் தரைக்கும் இரண்டடிதான் இருக்கும்.

ஜூன் 7, சனி

இன்றும் நிற்கவில்லை. பீட்டர் சார் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வெளியே மேளச் சத்தம் கேட்டது. ரங்கா, "ஜன்னலாண்ட போய் இன்னா ஊர்கோலம்னு பாருய்யா" என்றாள். நான் எழுந்து, கட்டிலின் கால்மாட்டு வரை போய், "அம்மன் ஊர்கோலம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இந்த வார்டில் ஜன்னல் மிகப் பெரியது, கம்பியும் தாழ்வாக இருக்கிறது. நான் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் எழுதுவதற்கு நல்லது.

நர்ஸம்மாவிடம் கேட்டேன். "ஒருத்தருக்கு பிபி திடீர்னு ஏறினா ஜம்ப் ஆயிருக்குன்னு சொல்வோம். உங்களுக்கும் பாக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

பெரிய டாக்டர் வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். "ஆபரேஷன் நல்லா ஆயிருக்கு. ஆனா இப்படியே படுத்திருந்தா நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண்ணு வரும். இந்த வயசுல படுத்தவங்க அப்புறம் எழுந்திருக்கிறதே இல்லை. நிக்க வைங்க" என்றார்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"ஏன் ரங்கா? உனக்கு இன்னா பயம்?"

போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள். "இந்தக் காலு மேல எனக்கு நம்பிக்கை இல்லய்யா. அந்தப் பல்லாவரம் ஷாட்ல இன்னா ஆச்சு? பெட்டி சரியா இருந்துச்சு. நீ குதிச்சுப் பாத்துட்டு வந்து சொன்னே. காலைத் தப்பா வெச்சது நானு. இப்ப ஸ்டூலு. நீ கெட்டியாப் புடிச்சிருந்தே. அப்பவும் இதே காலு, தானா வழுக்குச்சு. ரெண்டு தபா ஏமாத்துன காலை மூணாவது தபா எவ நம்புவா?"

சுகிர்தம் டீச்சர், "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றார்.

நான் சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.

ஜூன் 9, திங்கள்

இன்று நல்ல பாடம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஜம்ப் என்று ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறார்கள் என்றேன். சுகிர்தம் டீச்சருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நம்மகிட்ட எத்தனை இருக்கு பாருங்க. குரங்கு தாவும், கன்னுக்குட்டி துள்ளும், தவளை தத்தும், புலி பாயும்."

"குதிக்கிறது?"

"மேலேர்ந்து கீழே வந்தா குதிக்கிறது. நடுவுல இருக்கிறதைத் தொடாம அந்தப் பக்கம் போனா தாண்டுறது."

எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் எழுதும்போதே கையில் அசைகிறது. துள்ளும் என்று எழுதுகையில் இரண்டு இடத்தில் கை துள்ளுகிறது. இத்தனை காலம் இவை எல்லாம் என் வாயில்தான் இருந்திருக்கின்றன. நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ரங்கா நிற்கவில்லை. முதுகில் ஓர் இடம் சிவந்திருக்கிறது என்று கோமதி சொன்னாள்.

ஜூன் 10, செவ்வாய்

இதை ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1981. பல்லாவரம் பக்கத்தில் கட்டி முடிக்காத ஒரு மாடி வீடு. ரங்கா இரண்டாவது மாடியிலிருந்து குதிக்க வேண்டும். பெட்டி நாலு அடுக்கு, மேலே மெத்தை, அதன் மேல் தார்ப்பாய். நான்தான் போட்டேன். முதல் நாள் மழை பெய்திருந்தது.

போட்டுவிட்டு மேலே ஏறினேன். விளிம்பு வரைக்கும் போனேன். கால் அங்கேயே நின்றுவிட்டது. மாஸ்டரும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. படி வழியாக இறங்கி வந்தேன். தரையில் கிடந்த செம்மண்ணை அள்ளி முதுகிலும் தலையிலும் தேய்த்துக்கொண்டேன்.

ரங்கா புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். "குதிச்சுப் பாத்தியாய்யா?" என்று கேட்டாள். "பாத்தேன், பஞ்சு மாதிரி இருக்கு" என்றேன். அவள் என் முதுகு மண்ணைத் தன் கையால் தட்டிவிட்டாள். பிறகு மேலே போய்க் குதித்தாள்.

இடது ஓரத்தில் அடியடுக்குப் பெட்டிகள் நனைந்து ஊறிப்போயிருந்தன. குதித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவை அப்படியே உட்கார்ந்துவிட்டன. அவளுடைய கணுக்கால் முறிந்தது. மாஸ்டர் என்னைப் பிடித்து உலுக்கினார். அவள் வலியோடு, "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க மாஸ்டர், அவரு குதிச்சுப் பாத்தாரு, நான்தான் காலைத் தப்பா வெச்சேன்" என்றாள். அதன் பிறகு அவளை உயரமான ஷாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் எதற்குமே கூப்பிடவில்லை. துணி தேய்த்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாள்.

அன்றைக்கு மட்டும் இல்லை. நான் இடுப்பு உயரத்துக்கு மேலிருந்து ஒருநாளும் குதித்தது கிடையாது. எப்போதும் மண்தான்.

ஸ்டூலும் வழுக்கவில்லை. அது ஒரு பக்கம் ஆடும், எனக்குத் தெரியும். ஏறும்போது, "புடிச்சிக்கினியாய்யா?" என்று கேட்டாள். "புடிச்சிக்கினேன்" என்றேன். என் இரண்டு கையும் நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. ஞ எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது முதல்முறையாக நன்றாக வந்துகொண்டிருந்தது.

ஜூன் 11, புதன்

வெயில் அதிகம். இரண்டு டீ குடித்தேன்.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் ரங்கா, "தினம் அந்த டைரியில இன்னாதான் எழுதறே? படி, கேப்போம்" என்றாள். வார்டில் மற்றவர்களும் படிக்கச் சொன்னார்கள். முதல் தேதியிலிருந்து ஆரம்பித்தேன். நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. போலீஸ்காரர் சொன்ன இடத்தில் வார்டே சிரித்தது. ரங்கா சிரித்ததில் தையல் வலித்தது. தூண்டில் முள், டம்ளர் என்ற இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

ஒன்பதாம் தேதியைப் படித்தேன். தாளைத் திருப்பி, "ஜூன் பதினொண்ணு, புதன். வெயில் அதிகம்" என்றேன்.

"பத்து எங்க?" என்றாள் ரங்கா.

"அன்னிக்கு எழுதல."

"ஒருநாளும் விடமாட்டேன்னு ரெண்டாம் நாளே எழுதியிருக்கிறியே."

"கை வலி."

சுகிர்தம் டீச்சர் என் கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தார். அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் நிரம்பியிருப்பது தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரங்கா கிளம்பும்போது அவர், "வரதன் ஐயா, படிக்கிறப்ப பக்கத்தைத் தாண்டிப் போறதும் அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான். அதையும் எழுதிக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

கிளம்பியது ரங்கா இல்லை, நான். மேலே தப்பாக எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பீட்டர் சார் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையும் நிற்காவிட்டால் ஸ்ட்ரெச்சரில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கட்டில் வேறு ஆளுக்கு வேண்டும்.

ரங்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "என்னால முடியாது சார், என் காலு அப்பிடி" என்றாள்.

முதுகில் சிவந்த இடம் இரண்டாகிவிட்டது.

ஜூன் 14, சனி

படித்துவிட்டேன்.

பதினொரு மணி இருக்கும். டைரியைத் திறந்து, "ரங்கா, பத்தாம் தேதி இருக்குது" என்றேன். என் பக்கம் திரும்பினாள். ஆரம்பித்தேன். எனக்கு வேகமாகப் படிக்கத் தெரிந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்ததில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளியே வந்து எல்லோர் முன்னாலும் நின்றது. செம்மண் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். மூன்று தடவை முயற்சி செய்தேன். ஞ நன்றாக வந்தது என்ற இடம் வரை ஒன்றையும் விடவில்லை.

ரங்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மண்ணை நான்தானே தட்டிவுட்டேன்."

"ஆமா."

"தலையில இருந்ததை முந்தானையால தொடச்சேன்."

"ஆமா. அதை எழுத மறந்துட்டேன்."

"நாப்பத்திநாலு வருஷம்யா. நாப்பத்திநாலு வருஷமா என் காலைத் திட்டிக்கினு கெடக்கறேன்."

"தப்பு ரங்கா."

"தப்பா? ஸ்டூலு விழுந்தப்பகூட உன்னாண்ட நான்தானே மன்னிப்புக் கேட்டேன். பயந்துட்டியாய்யான்னு கேட்டேன். நீயும் ஆமான்னே."

நான் தலையாட்டினேன். அது உண்மை.

"டீச்சர், இந்தாள வெளிய போவச் சொல்லுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இவரு மூஞ்சிய இன்னும் ஒரு நிமிசம் பாத்தேன்னா இந்த சொம்பாலயே போட்டுடுவேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் சொல்வதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வராந்தா பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். படித்தது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் கோமதி வெளியே வந்தாள். "இன்னா நைனா பண்ணே? அம்மா உன் பேரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிது." டைரியைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். அவள் எவ்வளவு வேகமாகப் படிக்கிறாள். முடித்துவிட்டு என் மடியில் வைத்தாள். எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் மறுபடி வந்தாள். "அம்மா காலைத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருக்குது. நானாப் போயி புடிச்சா தட்டிவுடுது. கால் விரலை ஆட்டி ஆட்டிப் பாத்துக்கினே இருக்குது."

"இன்னா சொல்றா?"

"உன்னத் திட்டுது."

"அப்புறம்?"

"மறுபடி திட்டுது."

ஜூன் 16, திங்கள்

பெஞ்சிலேயே எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது.

பத்து மணிக்குப் பீட்டர் சார் என்னைக் கடந்து வார்டுக்குள் போனார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ரங்காவின் குரல். "கொண்டா சார் அந்த வண்டிய."

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. அதன் பின் ஒரு சத்தமும் இல்லை. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வாக்கரின் நாலு காலும் தரையில் விழும் ஓசை வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எண்ண ஆரம்பித்தேன்.

"மெதுவா அம்மா, மெதுவா."

"இன்னாத்துக்கு மெதுவா? என் காலு நல்லாத்தான் சார் இருக்குது. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இவங்க எல்லாத்தையும் கேளுங்க, சாட்சி இருக்குது."

உள்ளே யாரோ கை தட்டினார்கள். சுகிர்தம் டீச்சராக இருக்கும்.

கதவின் இடுக்கில் முதலில் வாக்கரின் ரப்பர் கால் தெரிந்தது. பிறகு அவளுடைய இடது பாதம். பிறகு முழு ரங்கா, நைட்டியோடு, தலைமுடி கலைந்து, நெற்றியெல்லாம் வேர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு. இருபது நாளுக்குப் பிறகு நிற்கிற ரங்காவைப் பார்த்தேன். பிடித்துக்கொள்ள எழுந்தேன்.

"கிட்ட வராதே" என்றாள்.

நின்றேன்.

"வந்தே, அவ்ளோதான். அங்கயே நில்லு."

"நிக்கிறேன் ரங்கா."

என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள். வாக்கரைத் தூக்கி மெல்லத் திருப்பி வைத்தாள். பீட்டர் சார் நீட்டிய கையைத் தொடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

கதவு வரை வந்தது பதினெட்டு அடி. கட்டிலுக்குத் திரும்பியது பதினெட்டு. முப்பத்தாறு அடியில் ஒன்றைக்கூட அவள் தப்பாக வைக்கவில்லை.